அப்பத்தா பெட்டியில் இருந்த மூன்று பதக்கங்கள்

2019 பிப்ரவரியில் நானும் அண்ணனும் மதுரையில் பழைய நகை வாங்கும் ஒரு கடைக்குப் போய், இரண்டு சின்னத் தங்கப் பதக்கங்களைக் கொடுத்துவிட்டு 22,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தோம். அதை ஐந்து பங்காகப் பிரித்ததில் என் பங்கு 4,480 ரூபாய். அன்றைக்கு அது ஒரு நியாயமான காரியமாகத்தான் பட்டது. அந்தப் பதக்கங்கள் எந்த ஊரில் யாருக்காகச் செய்யப்பட்டவை, எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் எப்படி வந்தன என்பது நாலு வருஷம் கழித்துத் தெரிந்தபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் பழைய நகை வைத்திருப்பவர்கள், அதிலும் பெரியவர்கள் காலமான பிறகு பெட்டியைப் பிரிக்கப் போகிறவர்கள், தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு அப்போது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சின்ன வயதிலேயே பினாங்குக்குப் போய், அங்கே ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். அப்பத்தா கப்பல் ஏறவே இல்லை. ஊரிலேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தவர், 2018-ல் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துத் தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு ஜோடி தண்டட்டி, வெள்ளித் தண்டை, வெள்ளி ரூபாய்களில் வளையம் வைத்துக் கோத்த ஒரு மாலை, கெம்புக்கல் வைத்த ஒரு ஜோடித் தோடு, அப்புறம் பழைய மல் துணியில் சுற்றிய மூன்று தங்கப் பதக்கங்கள். மூன்றில் ஒன்று பெரியது, பார்க்க மாங்காய் மாதிரி. மற்ற இரண்டும் ஒரே அச்சாக வட்டமானவை. மூன்றிலும் பொடிப்பொடியாக வெள்ளைக் கல். அப்பத்தா இவற்றைப் போட்டு எங்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ஏதோ அட்டிகை அறுந்து மிச்சம் கிடந்த துண்டுகள் என்று முடிவு கட்டினோம். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் வாயிலிருந்து வந்தது, எல்லோரும் தலையாட்டினோம்.

முதல் தப்பு அன்றைக்கே நடந்துவிட்டது. அழுக்காக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பதக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெம்புத் தோடு மட்டும் மறுநாள் பார்த்தால் ஒரு பக்கம் கறுத்துப்போய், கல்லெல்லாம் செத்த மாதிரி கிடந்தது. பழைய கெம்பு வேலையில் கல்லுக்கு அடியில் பளபளப்பான ஒரு மெல்லிய தகடு வைத்துத்தான் மூடியிருப்பார்கள், சிவப்பு அப்படி எரிவதற்கு அதுதான் காரணம். தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் முதல் வேலையாகக் கழுவாதீர்கள். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அழுக்குகூடச் சாட்சிதான். எங்கே உரசியது, நூலில் கோத்ததா, துணியில் குத்தியதா என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்திலும் அழுக்கிலும்தான் இருக்கும்.

இரண்டாவது தப்பு போட்டோ. எல்லாவற்றையும் ஒரு துண்டின் மேல் பரப்பி மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். விற்றுவிட்ட அந்த இரண்டு பதக்கங்களுக்கும் இன்றைக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு படம்தான், அதுவும் கலங்கலாக. ஒரு நகை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முன்பக்கம் பாதிதான் உதவும், மீதி பின்பக்கத்தில் இருக்கிறது. திருகு போட்டதா, கொக்கியா, ஊசியா, நூல் கோர்க்க வளையமா, முத்திரை ஏதும் குத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒவ்வொரு நகையையும் தனியாக வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுங்கள். எடையையும் கிராமில் எழுதி வையுங்கள். பத்து நிமிஷ வேலை.

கடையில் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லாக் கடையிலும் நடப்பதுதான், அவர்கள் ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். உரைகல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்த்துவிட்டு, “செவப்பு அடிக்குதும்மா, செம்பு கூட இருக்கு, பதினெட்டு கேரட் ரேட்டுதான் போட முடியும்” என்றார்கள். இரண்டும் சேர்ந்து 11 கிராம். கல்லையும் பின்பக்க ஊசியையும் கழித்து 8.750. கல்லை என்ன செய்வது என்று கேட்டேன். “வெறும் கண்ணாடிக் கல்லு, வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க” என்று குறட்டால் நெம்பி நெம்பி எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பின்னூசி இருந்தது என்பதே அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஏறியும் அது என்னவென்று யோசிக்கவில்லை. பெரிய பதக்கத்தை மட்டும் அதே கணக்கில் தங்க விலை போட்டு, 36,000 சொச்சம் பங்காளிகளுக்குக் கொடுத்து நானே வைத்துக்கொண்டேன். மாங்காய்ப் பதக்கம், ஒரு வளையம் வைத்துச் செயினில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை.

வளையம் வைக்கத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு வயதான பத்தரிடம் போனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பினார், கண்ணில் லென்ஸை மாட்டினார், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “இது நம்மூரு வேலை இல்லம்மா. நம்ம ஆளுங்க கல்லைச் சுத்தித் தங்கத்தை அழுத்தி மூடிருவாங்க. இதுல பாருங்க, கல்லுக்குக் கல்லு குட்டி குட்டியா நகம் வச்சுப் பிடிச்சிருக்கு. பின்னாடி ஊசி இருந்த தடமும் இருக்கு. நம்மகிட்ட எந்தப் பழைய நகையில ஊசி இருக்கு?” என்றார். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுத்து மாதிரி ஏதோ குத்தியிருப்பதையும் காட்டினார். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. “இதுல பொடி வச்சு ஊதிப் பத்த வச்சா வீணாப்போயிரும், நான் கை வைக்க மாட்டேன், என்னான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி எதுவும் வாங்கவில்லை. கடைக்குப் போகும் முன்னால் அந்தப் பத்தரிடம் போயிருந்தால் மூன்றும் இன்றைக்கு என்னிடம் இருந்திருக்கும். நகை வாங்குகிற கடையும் நகை செய்கிற பத்தரும் ஒன்றில்லை. கடைக்காரர் கிராமைப் பார்ப்பார், பத்தர் கையைப் பார்ப்பார். எந்தக் கை செய்தது என்பதை அவர் கண் சொல்லிவிடும்.

அதற்கப்புறம்தான் மூன்றாவது தப்பைச் செய்தேன், இதில் பணமும் போனது. பழைய நகைகளைப் பார்த்துச் சான்றிதழ் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம் பதக்கத்துக்கும் ரூபாய் மாலைக்கும் சேர்த்து 12,000 ரூபாய் கட்டினேன். படம் மட்டும் வாங்கிக்கொண்டார், நகையைக் கையால் தொடவே இல்லை. பத்து நாளில் தங்க நிறப் பார்டர் போட்ட தாளில் வந்தது: பதக்கம் இருநூறு வருஷப் பழமையான செட்டிநாட்டுக் கழுத்திருவின் பகுதியாம், ரூபாய் மாலை 1862-ல் செய்ததாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில்தானே செட்டிநாடு, ஐயா வேலை பார்த்ததும் செட்டியார் கடை, எல்லாம் பொருந்துகிறதே என்று நானே மிச்சத்தையும் நிரப்பிக்கொண்டேன். ஆறு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டுமே தப்பு. கழுத்திரு என்பது நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கல்யாணத்தில் கட்டுகிற, பல உருப்படிகளை மஞ்சள் பூசிய நூலில் கோத்த பெரிய மங்கல நகை. அதன் ஒவ்வொரு உருப்படிக்கும் நூல் நுழைய வழி இருந்தாக வேண்டும். என் பதக்கத்தில் நூல் நுழைய இடமே கிடையாது. நாங்கள் நகரத்தாரும் இல்லை, அந்த நகை அவர்கள் வீட்டை விட்டு வேலைக்காரர் வீட்டுப் பெட்டிக்கு வருவதற்கு நியாயமும் இல்லை. இதை ஒரு நகரத்தார் வீட்டு ஆச்சி படத்தைப் பார்த்த அரை நிமிஷத்தில் சொன்னார். 12,000 கொடுப்பதற்குப் பதில் ஒரு காரைக்குடி பஸ் டிக்கெட் எடுத்திருக்கலாம்.

ரூபாய் மாலை கதை இன்னும் தெளிவு. மேலே கோத்திருந்த விக்டோரியா ராணி ரூபாயில் 1862 என்று இருந்ததால் அவர் அந்த வருஷத்தைப் போட்டுவிட்டார். நாணயம் சேகரிக்கிற ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, 1862 என்று போட்ட ரூபாயை 1874 வரைக்கும் அதே வருஷத்தோடு அடித்துக்கொண்டே இருந்தார்களாம். 1877-லிருந்து வந்த ரூபாய்களில் ராணி என்ற பட்டம் போய்ச் சக்கரவர்த்தினி என்று மாறிவிடும், எங்கள் மாலையில் அதுவும் நாலு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கொக்கிப் பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1918 ரூபாய் ஒன்று. அப்படியானால் மாலையை இப்போதிருக்கிற மாதிரி கோத்தது 1918-க்கு முன்னால் இருக்கவே முடியாது. நாணயம் வைத்த நகையில் வருஷம் பார்ப்பவர்கள் ரொம்பப் பழையதைப் பார்க்காதீர்கள், ரொம்பப் புதிய காசைத் தேடுங்கள். அரேபியா, ஏமன் பக்கத்து வெள்ளி நகைகளில் தொங்கும் மரியா தெரசா காசும் இதே கதைதான். அந்த ராணி செத்த 1780-ஐயே போட்டு அப்புறம் வந்த காலமெல்லாம் அடித்திருக்கிறார்கள், அந்த எண்ணை நம்பி யாராவது விலை சொன்னால் காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

உண்மை எனக்குத் தெரியவந்தது 2023 தொடக்கத்தில். கல்லூரித் தோழி ஒருத்தி பினாங்கில் வாக்கப்பட்டவள். பேச்சுவாக்கில் அந்தப் பழைய துண்டு விரித்த படத்தை அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். “ஏய், இது கெரோசாங்டி. மூணும் ஒரே செட்டு. எங்க மாடி வீட்டுப் பாட்டி கல்யாணப் போட்டோல இதேதான் போட்டிருக்காங்க” என்றாள். அவள் ‘செட்டு’ என்று சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூரில் சீன வியாபாரிகள் பல தலைமுறைக்கு முன்பே குடியேறி, உள்ளூரோடு கலந்து, மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி வாழ்ந்த ஒரு சமூகம் உண்டு. பெரனாக்கான் என்பார்கள், ஆண்களை பாபா என்றும் பெண்களை நியோன்யா என்றும் அழைப்பார்கள். நியோன்யாக்கள் அந்தக் காலத்தில் போட்ட பாஜு பாஞ்சாங் என்ற நீளச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது. முன்பக்கத்தை மூடிப் பிடிக்க மேலிருந்து கீழே மூன்று ஊசிப் பதக்கம் குத்திக்கொள்வார்கள். மேலே வருகிற பெரியதற்கு கெரோசாங் ஈபு, கீழே வருகிற இரண்டு வட்டத்துக்கு கெரோசாங் ஆனாக் என்று பெயர். மலாயில் ஈபு என்றால் தாய், ஆனாக் என்றால் பிள்ளை. நான் தாயை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் உருக்கக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

பெயர் தெரிந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. அதுவரை நான் இணையத்தில் ‘பழைய தங்கப் பதக்கம்’, ‘கல் வைத்த மாங்காய்’ என்று தேடியதெல்லாம் வீண். நகைக்கு அதைப் போட்டவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கும், அது கிடைக்கும் வரை ஒன்றும் கிடைக்காது. ‘கெரோசாங்’ என்று போட்டதும் சிங்கப்பூர் அருங்காட்சியகங்களின் சேகரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. என்னுடையதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாங்காய் என்று நினைத்தது பீச் பழமும் இதயமும் கலந்த வடிவம், சீனர்களுக்கு பீச் நீண்ட ஆயுளுக்கு அடையாளம். அன்னம் என்று நினைத்த பறவைக்கு வால் இறகு பிரிந்து பிரிந்து நீளமாகப் போகிறது, அது அவர்களுடைய பீனிக்ஸ். நான் தாமரை என்று நினைத்த பூவில் இதழ்கள் கசங்கிய துணி மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன, அது பியோனி. நம் கண் தெரிந்த உருவத்தைத்தான் முதலில் காட்டும். அதனால் பூ, பறவை, பழம் என்று பொதுவாக நிறுத்திக்கொண்டு, எத்தனை இதழ், வால் எப்படிப் பிரிகிறது என்று எழுதிவைத்துவிட்டு அப்புறம் பெயர் வையுங்கள். சிவப்பு அடித்த தங்கமும் குறை இல்லையாம், அந்தப் பக்கத்தில் சிவப்பேறிய தங்கத்தைத்தான் அழகு என்று விரும்பிச் செய்திருக்கிறார்கள். கட்டத்துக்குள் இருந்த எழுத்து, செய்த சீனப் பட்டறையின் முத்திரை.

கண்ணாடிக் கல் என்று சொன்ன அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மறந்திருந்தேன். மொத்தம் முப்பத்தொன்று. வெள்ளைத் தட்டில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அடிப்பக்கம் தட்டையாக, மேலே ஒரு சின்னக் கோபுரம் மாதிரி முக்கோணம் முக்கோணமாகச் செதுக்கியிருந்தது. இந்தக் காலத்து வைரம் மாதிரி பளீரென்று வெட்டாது, கல்லைத் திருப்பும்போது உள்ளே ஒரு மங்கலான ஒளி நகரும், அவ்வளவுதான். பழைய வைர வெட்டு அது. நியோன்யாக்கள் இதை இந்தான் என்பார்களாம். சோதனை மெஷினில் வைத்துப் பார்த்ததில் முப்பத்தொன்றில் இருபத்தெட்டு வைரம். பொடிக் கல் என்பதால் பெரிய விலை இல்லை, ஆனால் கண்ணாடியும் இல்லை. பழைய நகையில் மங்கலான வெள்ளைக் கல்லைப் பார்த்தால் கண்ணாடி என்று யாராவது சொன்னதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தங்கத்தின் தரம் பார்க்கவும் உருக்கத் தேவையில்லை, கேரட் பார்க்கும் மெஷினில் நகையை அப்படியே வைத்துப் பார்த்துச் சொல்ல ஹால்மார்க் மையங்கள் இருக்கின்றன. எங்கள் பாட்டன் காலத்து நகையில் ஹால்மார்க் முத்திரை இல்லையே என்று பயப்படவும் வேண்டாம், அது கட்டாயம் ஆனதே 2021 ஜூனில்தான்.

2023 ஜூலையில் பினாங்கு போனேன். பதக்கத்தைக் கையோடு எடுத்துப்போக நினைத்தேன், நல்லவேளையாக முன்கூட்டியே விசாரித்தேன். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் தடை இருக்கிறது. என்னுடையது நூறைத் தாண்டியதா இல்லையா என்று விமான நிலையத்தில் நின்று வாதாட முடியாது. படங்களை மட்டும் நல்ல காகிதத்தில் அச்சடித்து எடுத்துப் போனேன். ஜார்ஜ் டவுன் சர்ச் தெருவில் 1890-களில் சுங் கெங் குவீ கட்டிய பச்சை மாளிகை இப்போது பெரனாக்கான் அருங்காட்சியகம். பின்கட்டில் நகைகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாய், இரண்டு பிள்ளை, மேலிருந்து கீழாக ஒரே கோட்டில். நான் பெட்டியைத் திறந்த அன்று துணிக்குள் இருந்த அதே வரிசை. பக்கத்திலேயே வெள்ளியில் முத்து வைத்து ஒரு செட், அது துக்க காலத்தில் போடுவது, அப்போது தங்கமும் வைரமும் ஆகாது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, காவலர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பினாங்கு தெரு, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற செட்டியார் கோவில் வீடு இருக்கிற தெரு. ஐயா கணக்கு எழுதிய கடை அந்தத் தெருவில்தான் இருந்தது. அங்கே ஒரு பழம்பொருள் கடையில், எங்களுடையதைவிடச் சின்னதாக ஒரு முழு செட்டுக்கு 14,000 ரிங்கிட் சொன்னார்கள், அப்போது நம் பணத்தில் இரண்டரை லட்சம். ஒற்றைத் தாய்க்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். தங்க விலைக்கு மேலே கொஞ்சம் தரலாம் என்றார்கள். செட் உடைந்தால் அவ்வளவுதான்.

அங்கே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கெரோசாங்கை நியோன்யாக்கள் மட்டும் போடவில்லை. மலாய்ப் பெண்களும் போடுகிறார்கள். மலாக்கா செட்டிகள் என்று ஒரு சமூகம், சுல்தான் காலத்தில் அங்கே போய்த் தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம், இன்றும் சைவர்கள், வீட்டில் மலாய் பேசுகிறார்கள், அந்தப் பெண்களும் கெபாயா என்கிற சட்டைக்கு இதைத்தான் குத்துகிறார்கள். செய்தவர்களிலும் சீன ஆசாரிகளோடு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். காலியிலிருந்து போன பி.பி. டி சில்வா 1872-லேயே சிங்கப்பூரில் நகைக்கடை வைத்தவர். அதனால் செய்தவர் யார், போட்டவர் யார், கடைசியில் யார் பெட்டியில் கிடந்தது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று பதில் வரலாம். நம் ஊர் நகைக்கும் இது பொருந்தும். பாம்படம் இன்ன சாதியின் நகை என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. தெற்கே எத்தனையோ சமூகத்துப் பெண்கள் காது வளர்த்து அதைப் போட்டிருக்கிறார்கள், ஊருக்கு ஊர் உருப்படியின் பெயர்தான் மாறுகிறது.

தண்டட்டியையும் விற்கத்தான் இருந்தோம். கடையில் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு, அதனால் பார்க்கிற எடையில் பாதிகூடத் தங்கம் தேறாது. அந்தக் கணக்கைக் கேட்டு அண்ணன் வேண்டாம் என்று திருப்பி வாங்கிக்கொண்டான், அந்த ஒரு காரணத்தால் அது தப்பித்தது. அப்பத்தா எழுபதுகளில், அப்பா வேலை பார்த்த ஊருக்கு வந்தபோது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று தண்டட்டியைக் கழற்றி, தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர். அந்தத் தையல் தழும்பை நான் சின்ன வயதில் தடவிப் பார்ப்பேன். அந்தக் காதுக்கு இருந்ததை அரக்குக் கழிவு போட்டு விற்கப் பார்த்தோம். (பெட்டியில் புலிநகம் ஏதும் கிடைத்தால், குழந்தைகளுக்குக் கட்டுவார்களே அது, விற்கவோ வாங்கவோ பேச்சே எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம். வீட்டில் வைத்திருப்பதற்கே சான்றிதழ் வேண்டும்.)

ஊருக்கு வந்ததும் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் மூத்த அக்கா, எண்பது தாண்டியவர், தேவகோட்டைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். பங்கு பிரித்த அன்று முழங்கால் வலி என்று அவர் வரவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினோம். நகை பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய பதக்கத்தைக் கையில் கொடுத்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தச் சீனத்தி நகையா? இதோட ரெண்டு குட்டி இருக்குமே?” என்றார்.

சப்பான்காரன் காலத்தில் ஐயா பினாங்கில் மாட்டிக்கொண்டவர். கப்பல் இல்லை, கடிதம் இல்லை, அரிசி கிடைக்கவில்லை, ஆளாளுக்கு மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த நாட்கள். கடைக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சீனப் பெண், பிள்ளைகள் பட்டினி என்று இந்த மூன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஐயாவிடம் இருந்த அரிசியில் பாதியை வாங்கிப் போயிருக்கிறார். சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஐயா வைத்திருந்தார், தேடியபோது அந்தக் குடும்பம் அந்தத் தெருவில் இல்லை. 1946-ல் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து அப்பத்தாவிடம் கொடுத்திருக்கிறார். “அடுத்தவ வயித்துப் பசிடா அது, எப்படி உடம்புல போடுறது”ன்னு அப்பத்தா கடைசி வரைக்கும் துணியைப் பிரிக்கவே இல்லை என்றார் அத்தை. இதையெல்லாம் ஐயா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் துணிக்குள்ளேயே வைத்திருந்தாராம். பெட்டி திறந்த அன்று பொடிந்துபோன ஒரு மஞ்சள் காகிதத்தைக் குப்பையோடு கூட்டித் தள்ளியது நான்தான்.

பெட்டியைத் திறக்கும் முன்னால் வீட்டில் இருக்கிற ஆக மூத்தவரைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். வர முடியாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போங்கள். ‘இது என்ன நகை’ என்று கேட்காமல் ‘இதை யார் போட்டுப் பார்த்தீங்க, எப்ப வந்துச்சு, யார் குடுத்தது’ என்று கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கும் துணி, நூல், காகிதம், டப்பா எதையும் நகையிலிருந்து பிரிக்காதீர்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் எது எதற்குள் இருந்தது என்று எழுதிவிட்டுப் பிரியுங்கள்.

போன மாதம் அதே பத்தரிடம் திரும்பப் போய் முழுக்கதையும் சொன்னேன். தாயைப் பார்த்து அளவெடுத்து, என்னிடம் இருக்கும் முப்பத்தொரு கல்லையும் வைத்து இரண்டு வட்டமும் அச்சு அசலாகச் செய்து தருகிறேன் என்றார், சேதாரம்கூட வேண்டாம் என்றார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது தாய் ஒரு புது மல் துணியில் இருக்கிறது, கல் பொட்டலம் அதன் பக்கத்தில், அத்தை சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிய தாளும் கூடவே. பினாங்குத் தோழியிடம் அந்தத் தெருவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன், போருக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்களைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.